ரேடியேட்டர் ஓடும் வீட்டில் பீரை எங்கே வைப்பது?

குளிர்காலம் முழுக்க எல்லா அறையிலும் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஓடுகிறது. ஃப்ரிட்ஜில் இரண்டு கிரேட்டுக்கு இடமில்லை. கடையில் வாங்கியதோடு வீட்டிலேயே தயாரித்த பீரும் கொஞ்சம் இருக்கிறது. ரேடியேட்டரில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் போதும், இல்லை அந்த அறையின் ரேடியேட்டரையே மூடிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

தூரம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்து அடி. அதற்கு அப்பால் ரேடியேட்டரின் நேரடிச் சூடு பாட்டிலைப் பெரிதாகத் தொடாது. ஆனால் அது பாதி பதில்தான். ஐந்து அடி தள்ளி, 23 டிகிரி அறையில், அலமாரியின் மேல்தட்டில் நான்கு மாதம் நிற்கும் பீர், ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு ராத்திரி தவறி இருந்துவிட்ட பீரைவிட அதிகமாகக் கெட்டுப்போகும். எத்தனை டிகிரியில் எத்தனை நாள் என்ற கணக்குதான் முக்கியம். தூரம் அதில் ஒரு சின்னப் பகுதி.

ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம். பீர் பழசாவது பெரும்பாலும் ஆக்சிஜனின் வேலை. எவ்வளவு கவனமாக அடைத்தாலும் பாட்டிலுக்குள் துளி ஆக்சிஜன் மாட்டிக்கொள்ளும். மூடியின் உள்பக்க ரப்பர் வளையம் வழியாக மாதக்கணக்கில் இன்னும் கொஞ்சம் கசிந்து வரும். முதலில் போவது ஹாப்ஸ் வாசனை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ அது). பிறகு கசப்பு மழுங்கும். அப்புறம் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை எட்டிப்பார்க்கும். அந்த அட்டைச் சுவைக்குக் காரணமான பொருளை 1970-லேயே அடையாளம் கண்டுவிட்டார்கள்: டிரான்ஸ்-2-நோனினால். ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். இன்னும் பழசானால் தேன், உலர்ந்த திராட்சை, ஷெர்ரி ஒயின் பக்கம் சுவை போகும். கறுப்பு பீரில் அது நன்றாகக்கூட இருக்கலாம், வெளிர் லாகர் வகை பீரில் சகிக்காது.

இந்த மாற்றங்கள் எல்லாமே சாதாரண வேதிவினைகள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இவற்றின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். 5 டிகிரி கூடினாலே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பீர் தொழிலில் இருப்பவர்கள் வாய்க்கணக்காக 3-30-300 என்று ஒன்று சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீருக்கு ஆகும் வயது ஒன்றே. 22-க்கும் 32-க்கும் நடுவே பத்து மடங்கு என்பது கொஞ்சம் மிகைதான், வேதியியல் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் மனதில் வைத்துக்கொள்ள இதைவிட எளிய கணக்கு இல்லை. சூடான அறையில் ஒரு மாதம் என்பது ஃப்ரிட்ஜில் பத்து மாதத்துக்குச் சமம் என்று நினைத்தால் தவறாகப் போக மாட்டீர்கள்.

இதிலேயே ஒரு ஆறுதலும் இருக்கிறது. ஒரு பெட்டி ஒரு ராத்திரி ரேடியேட்டர் பக்கத்தில் இருந்துவிட்டது என்றால் பதற வேண்டாம். சில நாள் வயது கூடியிருக்கும், அவ்வளவுதான். பல ஆலைகள் பாட்டிலில் அடைத்த பிறகு பீரை 60 டிகிரி வரை சூடாக்கிச் சில நிமிடங்கள் வைத்துப் பாஸ்டரைஸ் செய்துதான், அதாவது கிருமிகளைக் கொன்றுதான் அனுப்புகின்றன. கொஞ்ச நேரச் சூடு பீரைக் கொன்றுவிடாது. அதேபோல, குளிர்ந்த பீரை வெளியே எடுத்து வைத்து, திரும்பக் குளிரவைத்தால் கெட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. வெளியே இருந்த நேரத்துக்கு உரிய வயது மட்டும் கூடும். நாற்றம் அடிக்கும் பீருக்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டு ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது, அதுதான் அந்த நாற்றம். பழுப்புப் பாட்டில் அதை ஓரளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் சரியாகத் தடுக்காது. கேனுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆகவே ஜன்னல் ஓரம் இரண்டு காரணத்துக்காகவும் வேண்டாம்: மேலே வெளிச்சம், கீழே ரேடியேட்டர்.

இப்போது ரேடியேட்டர் பக்கம் வருவோம். பழைய முறையில் ஓடும் வீடுகளில் ரேடியேட்டருக்குள் போகும் தண்ணீர் 70, 80 டிகிரி வரை இருக்கும். ஐரோப்பியத் தரநிலையில் ரேடியேட்டரின் திறனை அளப்பதே உள்ளே போகும் தண்ணீர் 75, வெளியே வரும் தண்ணீர் 65, அறை 20 டிகிரி என்று வைத்துத்தான். புதிய கண்டென்சிங் பாய்லர் (புகையோடு போகும் சூட்டையும் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) சரியாக வேலை செய்ய வேண்டுமானால் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால் அங்கே சூடு குறைவு. ஹீட் பம்ப் (வெளிக்காற்றில் இருந்தோ மண்ணில் இருந்தோ சூட்டை எடுத்துத் தரும் கருவி) என்றால் இன்னும் குறைவு, 35 முதல் 50 டிகிரிக்குள் முடிந்துவிடும். நீராவியில் ஓடும் பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர் மட்டும் தனி ஜாதி. அதன் மேற்பரப்பு 100 டிகிரியை ஒட்டியே இருக்கும், அதன் பக்கத்தில் பாட்டில் என்ற பேச்சே வேண்டாம்.

சூடு எந்த வழியாக அறைக்குள் வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தட்டை ரேடியேட்டர்களில் பெரும்பகுதி சூடு காற்றோடு மேலே போகிறது. சூடான காற்று சுவரை ஒட்டி ஏறி, கூரையின் கீழே பரவி, எதிர்ச் சுவரில் குளிர்ந்து, தரையோடு திரும்பி வருகிறது. மீதிதான் நேரே எதிரில் இருப்பவற்றின் மேல் கதிராக விழுகிறது. அந்தக் கதிர்ச் சூட்டுக்குத்தான் நான் சொன்ன ஐந்து அடி. ஒரு அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டி நடுவில் நிறுத்தினால்கூட அதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். காற்றோடு போகும் சூட்டை அட்டை தடுக்காது. அதனால் ரேடியேட்டரில் இருந்து தூரத்தில், ஆனால் உயரத்தில் இருக்கும் அலமாரி மோசமான இடம்; அதே அலமாரியின் அடித்தட்டு பரவாயில்லை. ஃப்ரிட்ஜின் மேல்பகுதியையும் விட்டுவிடுங்கள். அங்கே இரண்டு சூடும் சேர்கின்றன: கூரைப் பக்கக் காற்று, ஃப்ரிட்ஜ் பின்னால் கக்கும் சூடு. ஆனால் ஏனோ எல்லோரும் கிரேட்டை முதலில் வைக்கப் பார்ப்பது அங்கேதான்.

நல்ல இடம் என்றால், தரையில், வெளிச்சுவர் சேரும் மூலையில், வெயில் விழாத பக்கத்தில், கதவு சாத்தி வைக்கக்கூடிய ஒரு இடம். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை, வாசல் பக்கத்துச் செருப்பு அலமாரி, சாமான் அறை, இந்த மாதிரி. வைப்பதற்கு முன் ஒரு சோதனை. பாய்லர் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அந்த இடத்தில் தரையிலும், சுவரின் அடிப்பகுதியிலும் உள்ளங்கையை வைத்து நகர்த்திப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் போகும் குழாய்கள் பல வீடுகளில் தரைப் பலகைக்குக் கீழேயோ சுவருக்குள்ளோ ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்: ஒரு சாண் அகலத்துக்குக் கோடு போட்டது மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். ரேடியேட்டரே இல்லாத அலமாரி என்று நம்பி வைத்த பெட்டி இந்தக் குழாயின் மேலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம். ரேடியேட்டரையாவது அவ்வப்போது குறைக்கிறோம். வேறு அறைக்குப் போகும் குழாய், பாய்லர் ஓடும் நேரமெல்லாம் சூடாகவே இருக்கும். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்கும் இதே கதைதான். தரையே சூடாகும் வீடு என்றால் தரையில் வைக்கும் யோசனையையே விட்டுவிட்டு, குழாய் ஓடாத பகுதியைத் தேடுங்கள்.

கைக்கணக்கு போதாது என்றால் அளந்துவிடுங்கள். காற்றின் வெப்பத்தை அளக்காதீர்கள், அது பாய்லர் ஓடும்போது ஏறும், நின்றால் இறங்கும். ஒரு காலி பீர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, நீங்கள் பீரை வைக்க நினைக்கும் அதே இடத்தில், அதே உயரத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் கம்பித் தெர்மாமீட்டரை அதில் முக்கிக் காலையில் ஒரு முறையும் ராத்திரி படுக்கும் முன் ஒரு முறையும் பாருங்கள். தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வதால், அது காட்டும் எண்தான் உங்கள் பீர் உண்மையில் இருக்கப்போகும் நிலை. 15 டிகிரிக்குக் கீழே காட்டினால் அருமையான இடம். 18 வரை சில மாதங்களுக்குத் தாங்கும். 20-ஐத் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் குடிக்கப்போகும் பீரை மட்டும் வையுங்கள். காலைக்கும் இரவுக்கும் நடுவே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரேடியேட்டருக்கு இன்னும் பக்கமாகத்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ரேடியேட்டரையே மூடிவிடலாமா? மூடலாம். உபயோகிக்காத சின்ன அறை ஒன்று இருந்தால் அதுதான் சிறந்த வழி. ரேடியேட்டரின் ஓரத்தில் எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு இருந்தால், 3 என்பது பொதுவாக 20 டிகிரியை ஒட்டி வரும். பனிப்படிகக் குறிக்குத் (❄) திருப்பினால் அறை 6, 7 டிகிரிக்கு வந்த பிறகுதான் வால்வு திறக்கும், அதாவது குழாய் உறையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும். வீட்டுக்குள் இருக்கும் அறை அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். பக்கத்து அறைகளின் சூடு சுவர் வழியாக வந்துகொண்டே இருப்பதால் 12 முதல் 15 வரை நிற்பதுதான் வழக்கம். பீருக்கு அது பொன்னான வெப்பநிலை.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். திறந்து வைத்தால் வீட்டின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த அறைக்குள் போய், வெளிச்சுவரில் நீராகப் படிந்து, பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் பெட்டியின் முதுகு கறுத்துப்போகும், பாட்டில் மூடிகளும் துருப்பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றோட்டம் கொடுத்தால் போதும். இன்னொன்று, ஓடும் ரேடியேட்டர் முன்னால் கிரேட்டுகளை அடுக்காதீர்கள். பீருக்கு மட்டும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். வால்வின் தலைப்பகுதியைச் சுற்றிச் சூடான காற்று தேங்கினால், அறை போதுமான சூட்டுக்கு வந்துவிட்டது என்று வால்வு தவறாக எடுத்துக்கொண்டு மூடிவிடும். பீர் வேகும், நீங்கள் நடுங்குவீர்கள். அறை ஏன் சூடாகவில்லை என்று பாய்லரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தெர்மோகோல் பெட்டியில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது குளிர்விக்கும் கருவி இல்லை. குளிர் தரும் எதுவும் உள்ளே இல்லாவிட்டால் ஓரிரு நாளில் வெளியே என்ன வெப்பமோ அதுவே உள்ளேயும் வந்துவிடும். பகலில் ஓடி இரவில் அணையும் ரேடியேட்டரின் ஏற்ற இறக்கத்தை அது சமன் செய்யும், சராசரியைக் குறைக்காது. அதிலேயே உறைந்த ஜெல் பைகளைத் தினம் மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பால்கனி நல்ல யோசனை, உறைபனி வரும் வரை. 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் மைனஸ் 2, 3 டிகிரியில் உறையத் தொடங்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கேன் பிதுங்கும், பாட்டில் உடையும். ராத்திரி வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாட்களில் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். இந்த மாதிரி நாட்களில்தான் தெர்மோகோல் பெட்டிக்கு உண்மையான வேலை.

நீங்களே தயாரித்த பீருக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும், கூடவே ஒரு ஆபத்தும் உண்டு. அதனால் இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

பாட்டிலுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, குளிரில் பீரோடு கரைந்து அடங்கி இருக்கும். சூடு ஏறினால் வெளியே வந்து அழுத்தும். சாதாரண அளவு வாயு, அதாவது லிட்டருக்கு 5 கிராம் அளவில் உள்ள பீரை எடுத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரியில் பாட்டிலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு பாருக்கும் குறைவாகத்தான் கூடுதல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 20 டிகிரியில் 2 பார் பக்கம் வரும். 40 டிகிரியில் 4 பாரை நெருங்கும். ஆலையில் அடைத்த பாட்டிலும் கேனும் இதைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. பாஸ்டரைஸ் செய்யும் சூட்டையே தாங்கியவை அவை. நாம் கழுவிக் கழுவித் திரும்ப உபயோகிக்கும் பாட்டில் அப்படி இல்லை. கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஈஸ்ட், அதாவது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் உண்டாக்கும் நுண்ணுயிர். வீட்டு பீரில் அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது. முழுதாகப் புளிப்பதற்கு முன்பே அடைத்துவிட்டாலோ, வாயுவுக்காகப் பாட்டிலில் போடும் சர்க்கரை கூடிவிட்டாலோ, குளிரில் அது தூங்கிக்கொண்டிருக்கும், எல்லாம் சரி என்று தோன்றும். அதே பாட்டிலை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் எழுந்து மிச்சத்தையும் தின்னத் தொடங்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தால் சுமார் 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். அது மட்டுமே 20 டிகிரியில் அழுத்தத்தை இன்னும் 1 பாருக்கு மேல் ஏற்றும். அதன் மேல் ரேடியேட்டரின் சூடும் சேர்ந்தால் பாட்டில் வெடிக்கலாம், கண்ணாடி அறை முழுக்கத் தெறிக்கும். கோதுமை பீர், பெல்ஜிய வகை பீர் என்று வாயு அதிகம் வேண்டுபவற்றைத் தடித்த பாட்டிலில் அடைப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

ஆகவே ரேடியேட்டர் பக்கத்தில் சூடேறிப்போன வீட்டு பீர் பாட்டிலைக் கண்டால் உடனே கையால் தூக்காதீர்கள். முதலில் ரேடியேட்டரை மூடுங்கள். தடித்த துண்டு அல்லது போர்வையை மேலே போர்த்துங்கள். அறையில் யாரும் நடமாடாமல் சில மணி நேரம் விட்டு, ஆறிய பிறகு கையுறையோடு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, அப்படியே துண்டோடு எடுத்துக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்த மறுநாள் ஒன்றைத் திறந்து பாருங்கள். நுரை பொங்கி வழிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் குளிரிலேயே வைத்துச் சீக்கிரம் திறந்து வாயுவை வெளியே விட்டுவிடுங்கள்.

ஆனால் வீட்டு பீருக்கு ஒரு கட்டத்தில் கொஞ்சம் சூடு வேண்டும் என்பதும் உண்மை. அடைத்த பிறகு வாயு உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் 20 டிகிரி பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது ரேடியேட்டர் ஓடும் அறையிலேயே, ஐந்து அடி தள்ளி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். வெடித்தாலும் பெட்டிக்குள் அடங்கும். இரண்டு வாரம் முடிந்ததும் குளிர்ந்த அறைக்கு. சூடான அறையிலேயே விட்டுவிட்டால், மாதக்கணக்கில் சூட்டில் கிடக்கும் ஈஸ்ட் செத்து உடைந்து, சோயா சாஸ் மாதிரி ஒரு சுவையை பீரில் விட்டுவிடும்.

புளிக்க வைக்கும் வாளியையும் ரேடியேட்டரில் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். புளிக்கும்போது பீர் தானே சூட்டை வெளியிடும். வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அதோடு ரேடியேட்டரும் சேர்ந்தால் ஈஸ்ட் கண்டபடி வேலை செய்து, நெயில் பாலிஷ் நெடியும் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹாலும் வந்துவிடும். இரவில் பாய்லர் அணைந்து வாளி குளிரும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கி, ஏர்லாக்கில் (வாயுவை மட்டும் வெளியே விடும் தண்ணீர் அடைப்பு) உள்ள தண்ணீரையும் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கவும் வாய்ப்பு உண்டு. சூடும் குளிரும் மாறி மாறி வருவதைவிட, 18 டிகிரியில் அசையாமல் நிற்கும் மூலை எவ்வளவோ மேல்.

கடைசியாக, இருக்கும் குளிர்ந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது. ஐ.பி.ஏ. போல ஹாப்ஸ் வாசனைக்காகவே வாங்கும் பீர்களுக்கு ஃப்ரிட்ஜில் முதல் இடம். அவற்றின் வாசனை சூட்டில் வாரக்கணக்கில் மங்கிவிடும். அடுத்து வெளிர் லாகரும், வாயு கூடியிருக்குமோ என்று உங்களுக்குச் சந்தேகம் உள்ள வீட்டு பீரும். 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கறுப்பு ஸ்டவுட், பார்லி ஒயின் (பெயரில்தான் ஒயின், கனமான பீர்), லாம்பிக் என்னும் புளிப்பு பெல்ஜிய பீர் இவற்றை மூடிய அறையின் தரையில் நிம்மதியாக விடலாம். எல்லாவற்றையும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் அடியில் உள்ள ஈஸ்ட் பக்கவாட்டில் படிந்து, ஊற்றும்போது முழுக்கக் கலங்கி வரும். உங்கள் இரண்டு கிரேட்டில் எது எது இருக்கிறது என்று எழுதினால், எதை முதலில் காலி செய்யலாம் என்றும் சொல்கிறேன்.